இசக்கி பந்தைக் குடுத்துட்டா

போலீஸான்னு கேக்கப் போறிய, அதானே? உங்க கண்ணைப் பாத்தாலே தெரியுது தம்பி. காலையில இருந்து இந்த பெஞ்சுக்கு வந்தவன் போனவன் எல்லாம் அதைத்தான் கேட்டான். போலீஸ் இல்ல. மிலிட்டரியும் இல்ல. பாஸ்கெட் பால். அதுக்குத்தான் ஆண்டவன் இந்த ஒசரத்தைக் குடுத்தான்.

உக்காருங்க. டாக்டரு இப்ப வர மாட்டாரு. வார்டெல்லாம் சுத்திட்டு, காப்பியக் குடிச்சிட்டு, ஆடி அசைஞ்சுதான் வருவாரு. அந்த எக்ஸ்ரேயை அப்பிடிச் சுருட்டாதிய, கோடு விழுந்துரும். யாருக்கு, அம்மைக்கா? சரி சரி. எனக்கு ரெண்டு முட்டியும்.

இந்த டாக்டர்ப் பய படத்தை வெளிச்சத்தில தூக்கிப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? ‘எலும்பும் எலும்பும் உரசுது சார். அந்தக் காலத்திலயே யாராவது பாத்திருக்கணும்’ங்கான். பாத்தாங்கல்லா! மில்லு கம்பவுண்டர் பாத்தான். முட்டியில ஊசி போட்டான். காலு என் காலு மாதிரியே இல்ல, மரக்கட்டை மாதிரி ஆயிட்டு. அந்த மரக்கட்டையை வச்சுக்கிட்டு ஆட்டம் முடியுற வரைக்கும் ஆடுனேன். கப்பு வாங்குனேன். இவன் என்னத்தைக் கண்டான், நேத்துப் பொறந்த பய.

வல்லிநாயகி மில்லு கேள்விப்பட்டிருக்கியளா? உங்க வயசுக்குத் தெரிய வாய்ப்பில்ல. அந்தக் காலத்தில அந்த மில்லுக்கு நூல்ல எவ்வளவு பேரோ அவ்வளவு பேரு பந்துலயும் உண்டு. பெரிய முதலாளிக்குப் பந்துன்னா உசுரு. மத்த மில்லுகள்ல என்ன செய்வான், பகல் முழுக்கப் பஞ்சு சுமக்கச் சொல்லுவான், சாயங்காலம் வந்து பந்து போடுன்னுவான். எங்க முதலாளி என்னையக் கூப்பிட்டுச் சொன்னாரு. ‘ஏல பூலிங்கம், நீ மில்லுக்குள்ள காலு வைக்கப்பிடாது. தூசி நெஞ்சுல ஏறிரும். ஒனக்குச் சம்பளம் பந்து போடத்தான்.’

எங்க பக்கத்தில ஆடுறதுக்குன்னே சம்பளம் வாங்குன மொத ஆளு நான். சொந்தக்காரன் பூராச் சிரிச்சான். ‘பந்து போட்டாச் சம்பளமாம், பம்பரம் விட்டா போனஸ் உண்டா’ன்னு எங்க மாமனாரே கேட்டாரு, கல்யாணப் பந்தல்ல வச்சு. சிரிச்சிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்.

டோர்ணமெண்டுன்னா இப்பம் மாதிரி சிமெண்டுத் தரை, மேல கூரை, அதெல்லாம் கிடையாது. மண் கோர்ட்டு. சவுக்குக் கம்பு நட்டு, பலகை அடிச்சு, சுத்தி காலரி. வரிசையா ட்யூப் லைட்டு. மைக்குல ஒருத்தன் ‘மீண்டும் பூலிங்கம், மீண்டும் பூலிங்கம்’னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்துவான். என் கூட ஆடுன மத்த நாலு பேரு பேரும் சனங்களுக்குத் தெரியாது. அது என் தப்பா?

ஆனா பொறாமை. பந்தியில எவனும் என் பக்கத்து எலையில உக்கார மாட்டான். ஹபீபுன்னு ஒரு கேப்டன். நல்ல ஆட்டக்காரன்தான், இல்லைங்கல. ஒருநாள் எல்லாருக்கும் முன்னால கேக்கான், ‘என்னவே பூலிங்கம், நாங்க நாலு பேரும் கோர்ட்டுல எதுக்கு நிக்கோம், கொடிக்கம்பமா’ன்னு. ‘பந்தைப் புடிச்சு எங்கிட்ட குடுக்கத்தாம்வே’ன்னேன். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். உண்மையைச் சொன்னா மனுசனுக்குப் பொறுக்காது தம்பி.

பெரிய முதலாளி போய்ச் சேந்தாரு, மவன் மில்லுக்கு வந்தான். டீமைக் கலைச்சுட்டு, கோர்ட்டுல கழிவுப் பஞ்சு மூட்டையை அடுக்குனான். ஒருநாள் போய்ப் பாக்கேன், ரிங்குல எவனோ ஈர வேட்டியக் கட்டிக் காயப் போட்டிருக்கான். ரிங்குல! நான் அப்பிடியே திரும்பி வந்துட்டேன். சோறு எறங்கல.

அதுக்குப் பெறகுதான் பள்ளிக்கூடம். மடத்துச் சிஸ்டர்மாரு நடத்துற பொம்பளப்பிள்ளைய பள்ளிக்கூடம். பேரு வேண்டாம், விடுங்க. சிஸ்டர் லூர்துன்னு ஹெட்மிஸ்ட்ரஸ். ‘பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் குடுங்க சார்’ன்னாங்க. எனக்கு வேற வழி என்ன இருக்கு? போனேன்.

போன அன்னைக்கே அருவருத்துப் போச்சு. பந்தைத் தொட்டா பிசுபிசுங்கு. என்னன்னு பாத்தா தேங்கா எண்ணெய். தலையில வழிய வழியத் தேச்சுட்டு வந்து பந்தைப் பிடிக்காளுவ. ஒருத்தி பாவாடையில ஊக்கு. ஒருத்தி வாயில முறுக்கு. ஒருத்தி விழுந்தா ஆட்டத்தை அப்பிடியே போட்டுட்டு எல்லாரும் ஓடிப் போய்த் தூக்குதாளுவ. ஒருத்தி அழுதா மொத்தமும் அழுவுது. எதிராளி கையில பந்து இருக்கு, இவளுவ கூடி நின்னு ஒருத்தி முழங்கால்ல ஊதிக்கிட்டு இருக்காளுவ. நான் தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்தேன்.

அப்பிடியே வருசம் ஓடிட்டு. எத்தனையோ பிள்ளைய வந்தது, போனது. ஒண்ணும் தேறல.

அப்பம்தான் இசக்கி வந்தா. ஒம்பதாம் வகுப்பு. அவ அம்மை பீடி சுத்துதா, அப்பன் மார்க்கெட்டுல வாழைத்தாரு சுமக்கான். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தில தண்டவாளத் துண்டு தொங்கும், மணி அடிக்க. அதுல ஒருநாள் சுத்தியல் போய் மாட்டிக்கிட்டு. பியூன் ஸ்டூலைத் தேடிப் போறான். இந்தப் பிள்ளை சும்மா போற போக்குல கையை நீட்டி எடுத்துக் குடுத்துட்டுப் போவுது. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அந்தக் கையைப் பாத்தேன். வெரலைப் பாத்தேன். ‘ஏட்டி, இங்க வா’ன்னேன்.

தம்பி, நான் சும்மா சொல்லல, அவளுக்கு நான் சொல்லிக் குடுத்த மாதிரி எவனும் எவனுக்கும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டான். பந்தை எப்பிடிப் பிடிக்கணும், மணிக்கட்டை எப்பிடி மடக்கணும், எதிராளி தோளைப் பாத்தே அவன் எந்தப் பக்கம் சாயப் போறான்னு எப்பிடிச் சொல்லணும், எல்லாம். எங்கிட்ட இருந்ததை வழிச்சு அவ கையில வச்சேன். அவளும் பிடிச்சுக்கிட்டா. ஒரே வருசத்தில ரிங்கைப் பாக்காமலே போடுவா. எனக்கு என்னையப் பாக்க மாதிரியே இருக்கும்.

ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி வச்சேன். ‘பந்து ஒங்கைக்கு வந்தா அது ஒம்பந்து. வேற எவ மூஞ்சியும் பாக்காத.’ மத்தவளுவளுக்கும் சொன்னேன். ‘ஒங்க வேலை பந்தைப் பறிச்சு இசக்கி கையில குடுக்கிறது. அவ்வளவுதான்.’

அதுல ராவியத்துன்னு ஒருத்தி. மேலப்பாளையத்துப் பிள்ளை. இத்தினியூண்டு இருப்பா, என் இடுப்புக்கு மேல வர மாட்டா. வாய் மட்டும் ஒரு மொழம். ‘சார், நான் ஒண்ணு போட்டுப் பாக்கட்டா சார், சார், ஒரே ஒண்ணு சார்.’ கொசு மாதிரி காதுக்குள்ளயே. ஒருநாள் கேக்காமக் கொள்ளாமப் போட்டுட்டா. உள்ள விழுந்துட்டு. அது வேற விசயம். நான் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, ‘யாரு ஒன்னையப் போடச் சொன்னா? போ, சொவத்தைப் பாத்து முட்டி போடு’ன்னேன். முட்டி போட்டா. வெயில்தான். அதுக்கென்ன, நான் ஆடாத வெயிலா?

இசக்கி அன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே ஆடுனா. முடிஞ்சு போறப்ப வந்து நிக்கா. ‘சார், ராவியத்து நல்லாப் போடுதா சார்.’

‘அதுக்கு?’

‘எனக்கு ரெண்டு பேரு சுத்தி நிக்கும்போது அவகிட்ட குடுத்தா அவ போட்டுருவா சார்.’

‘ரெண்டு பேரு நின்னா ரெண்டு பேருக்கும் மேல போடு. மூணு பேரு நின்னா மூணு பேருக்கும் மேல போடு. அதுக்குத்தான் ஒனக்கு ஒசரம்.’

தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. சரின்னுட்டா போலன்னு நெனச்சேன்.

மூணு வருசத்துக்கு முந்தி, அவ ப்ளஸ் டூ படிக்கையில, வட்டாரத்தில ஜெயிச்சோம், ஜில்லாவில ஜெயிச்சோம். எல்லாம் இசக்கிதான். பேப்பர்ல போட்டோ. சிஸ்டர் லூர்து அசெம்பிளியில வச்சுக் கைதட்டச் சொன்னாங்க. என்னைய ஒரு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் பெரிய முதலாளியப் பத்திப் பேசுனேன், என் ஆட்டத்தைப் பத்திப் பேசுனேன். பாதியில பெல் அடிச்சுட்டானுவ. சரி போவட்டும்.

மாநிலப் போட்டி வடக்க ஒரு ஊர்ல. ரயில்ல போனோம். பொம்பளப்பிள்ளைய கூட ஒரு டீச்சர் வரணுமாம், சட்டம். எமிலி டீச்சர்னு தமிழ் டீச்சரை அனுப்புனாங்க. அந்தம்மாவுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னு தெரியாது. ரயில் ஏறுனதுல இருந்து புளியோதரை, தயிர் சாதம், ஊறுகா. தையல் நூல், ஐஸ் வைக்க ஒரு ரப்பர்ப் பை, காச்சல் மாத்திரைன்னு ஒரு கடையே கைப்பையில. பிள்ளைய எல்லாம் அந்தம்மா மடியிலதான். ராத்திரிப் பூரா பாட்டு. மறுநாள் ஆட்டம்! நான் எந்திரிச்சு வந்து, ‘வாயை மூடிட்டுப் படுங்க’ன்னேன். எமிலி டீச்சர், ‘பிள்ளைங்கதானே சார்’ன்னு சிரிக்காங்க. பிள்ளைங்களா? ஆட்டக்காரிய அம்மா, ஆட்டக்காரிய. அந்த வித்தியாசம் தெரியாத ஆளு.

செமி பைனல்ல ஜெயிச்சோம். ஆனா கடைசியில இசக்கி குதிச்சு எறங்கும்போது கணுக்கால் மடங்கிட்டு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே வீங்குது, பன்னு மாதிரி. எமிலி டீச்சர் ஓடி வந்து ஐஸை வச்சு அமுக்குதாங்க. பிள்ளைய சுத்தி உக்காந்து வழக்கம்போல ஒப்பாரி.

அடுத்த நாள் பைனல். ஒரு காலேஜ்காரரு வந்திருக்காரு, ஆளு எடுக்க. எடுத்தா மூணு வருசப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். அவ வீட்டு நெலமை எனக்குத் தெரியும்ல? இதை விட்டா அந்தப் பிள்ளை அம்மை கூட உக்காந்து பீடி இலை வெட்டணும். நான் ஏற்கெனவே அந்தக் காலேஜ்காரருகிட்ட, ‘சார், நாளைக்குப் பாருங்க, ஒத்தையா நின்னு ஜெயிச்சுக் காட்டுவா’ன்னு சொல்லி வச்சிருக்கேன். என் வாக்கு என்ன ஆவுறது?

என் பழைய சிநேகிதன் ஒருத்தன் அந்தப் பக்கம் மருந்துக்கடை வச்சிருக்கான். போய் நெலமையச் சொல்லி ஒரு ஊசி வாங்கியாந்தேன். மரத்துப் போற ஊசி. எனக்கு அன்னைக்குப் போட்டது மாதிரிதான். போடத் தெரிஞ்ச பையனையும் கூட்டியாந்து வெளிய நிறுத்திட்டு, ஆட்டத்துக்கு முன்னால பிள்ளைய துணி மாத்துற ரூம் வாசல்ல இசக்கியக் கூப்பிட்டேன். ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டு வந்தா.

‘ஒரே ஒரு ஊசி. எறும்பு கடிக்க மாதிரி. பெறகு ஒனக்குக் காலு இருக்கதே தெரியாது’ன்னேன்.

என் கையில இருந்த ஊசி டப்பாவைப் பாத்தா. என்னையப் பாத்தா. பெறகு கேக்கா, ‘சார், உங்க காலு இப்பம் எப்பிடி இருக்கு சார்?’

பாத்தியளா? பைனல் தொடங்கப் போவுது, இவ என் காலைப் பத்தி விசாரிக்கா! என்ன சம்பந்தம்? எனக்கு வந்த எரிச்சல்ல, ‘என் காலுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு, நீ உக்காரு’ன்னேன்.

‘படி ஏறும்போது நீங்க கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கதைப் பாத்திருக்கேன் சார். எனக்கு வேண்டாம் சார்.’

‘வேண்டாமா? அப்பம் எப்பிடி ஆடுவ?’

‘நின்னு ஆடுவேன் சார்.’

நின்னு ஆடுவாளாம்! நின்னுக்கிட்டு ஆட அது என்ன பல்லாங்குழியா? நான் சத்தம் போட்டேன். அந்தக் கொசு இருக்கால்லா, ராவியத்து, அவ கதவுப் பக்கத்தில நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு ஓடிட்டா. மறு நிமிசம் எமிலி டீச்சர் வந்து நிக்காங்க. சத்தம் போடல. சேலை முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டுக் கேக்காங்க, ‘இது எந்த டாக்டர் எழுதிக் குடுத்த ஊசி சார்?’

‘டாக்டர் எதுக்கு டீச்சர்? நான் ஆடுனவன். எனக்குத் தெரியாதா?’

‘அந்தப் பிள்ளையோட அம்மா எங்கிட்ட கையைப் பிடிச்சுச் சொல்லி அனுப்புனாங்க சார்’னு சொல்லிட்டு, என் கையில இருந்து டப்பாவை எடுத்து, அந்தத் தயிர்சாதக் கைப்பைக்குள்ள போட்டு, ஜிப்பை இழுத்து மூடிட்டாங்க. அவ்வளவுதான். தமிழ் டீச்சர்! அணி இலக்கணம் நடத்துற ஆளு எங்கிட்ட இருந்து வாங்குது! எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

ஆட்டம் தொடங்குச்சு. எதிர்ல இருந்த டீம் எப்பிடி இருந்துச்சுன்னு கேளுங்க. அதுல ஒருத்தியப் பாத்தா ரெண்டு பிள்ளைக்குத் தாய் மாதிரி இருக்கா. வயசு சர்ட்டிபிகேட்டுல பள்ளிக்கூடப் பிள்ளை! அப்பட்டமான மோசடி. கேக்க நாதியில்ல.

இசக்கி காலுல துணியைச் சுத்திக்கிட்டு, ரிங்குக்கு முன்னால போய் நின்னா. நின்னான்னா நின்னாதான், சுமைதாங்கிக் கல்லு மாதிரி. அவகிட்ட பந்து போச்சு. உடனே அந்த டீம்ல இருந்து மூணு பேரு அவ மேல வந்து விழுந்தாளுவ. ஜில்லாப் பேப்பரைப் படிச்சிருப்பாளுவ போல, இவதான் போடுவான்னு. நான் வெளிய இருந்து கத்துதேன், ‘போடுட்டி! மேல போடு!’

இசக்கி பந்தைத் தலைக்கு மேல தூக்குனா. எவளுக்கும் எட்டல. அப்பிடியே வச்சுக்கிட்டு, கழுத்தைத் திருப்பிப் பாத்தா. ரிங்கை இல்ல. பக்கவாட்டுல. அங்ஙன அந்தக் கொசு ஒத்தையா நிக்கா, எவளும் காவல் இல்ல.

குடுத்துட்டா.

ராவியத்து போட்டா. விழுந்துட்டு. காலரி எந்திரிச்சு நிக்கி.

நான், சரி, ஏதோ கை தவறிப் போயிட்டுன்னு நெனச்சேன். அடுத்ததும் குடுத்தா. அதுக்கடுத்தது வேற ஒருத்திகிட்ட குடுத்தா, அவ பேருகூட எனக்கு நெனவில்ல. வருசக்கணக்காப் பந்து பொறுக்கிப் போட்டவ, அவ போடுதா! எல்லாரும் போடுதாளுவ! நான் டைம் அவுட் கேட்டேன். கூப்பிட்டு வச்சுக் கத்துனேன். ‘என்ன விளையாட்டு இது? காலேஜ்காரரு பாத்துக்கிட்டு இருக்காரு. ஒன்னைய எடுக்கணுமா வேண்டாமா? நீ போடு!’ நான் பேசுதேன், அவளுவ ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காளுவ. என் மூஞ்சிய ஒருத்தியும் பாக்கல. ராவியத்து இசக்கிகிட்ட, ‘வலிக்கா?’ன்னு கேக்கா. இவ, ‘இல்லட்டி, நீ அந்த மூலையில நில்லு’ங்கா. நான் அங்ஙன ஒருத்தன் நிக்கேன்ல?

நாலு வருசம் தம்பி. எப்பிடிப் போடணும்னு நாலு வருசம் சொல்லிக் குடுத்தேன். யாருக்கும் தெரியாம இவளுவளா எங்கயோ எப்பவோ குடுக்கப் பழகியிருக்காளுவ. அப்பம் நான் கண்ணு முழிச்சுக்கிட்டுத்தான் தூங்கியிருக்கேன்.

ஜெயிச்சுட்டோம்.

ஆமா, ஜெயிச்சுட்டோம். எங்க ஜில்லாவுக்கே அந்தக் கப்பு வந்ததில்ல. நீங்க மூஞ்சிய அப்பிடி மலர்த்தாதிய, கேளுங்க முழுசா. இசக்கி மொத்தமாப் போட்டது என்னன்னு கேளுங்க. ஒரு கை வெரல் போதும். நான் செமி பைனல் ஒண்ணுல ஒத்தையாப் போட்டதை மைக்குக்காரன் எண்ண முடியாம விட்டுட்டான், தெரியுமா உங்களுக்கு?

காலேஜ்காரரு எறங்கி வந்தாரு. எனக்கு அவரு மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு. ‘மன்னிச்சிருங்க சார், அந்தப் பிள்ளைக்கு இன்னைக்குக் காலு சரியில்ல’ன்னேன். அவரு, ‘என்ன சார் சொல்லுறீங்க, இந்த வயசுல கோர்ட்டை இப்படிப் பாக்குற பிள்ளைய நான் பாத்ததில்ல. எடுத்துக்கிறோம். அந்தச் சின்னப் பிள்ளை அடுத்த வருசம் ப்ளஸ் டூ முடிச்சதும் அதையும் அனுப்புங்க’ன்னாரு. கோர்ட்டைப் பாக்காளாம்! ரிங்கைப் பாக்கத்தானய்யா கண்ணு! அந்தாளு எந்தக் காலத்தில பந்து போட்டானோ. எவனெவனோ ஆளு எடுக்க வந்துட்டான்.

பரிசு குடுத்தாங்க. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, கப்பை வாங்குன உடனே டீம் அதைக் கொண்டாந்து கோச்சு கையில குடுக்கும். நான் சட்டையச் சரி பண்ணிக்கிட்டு நிக்கேன். இசக்கி கப்பைத் தூக்கிக்கிட்டு நொண்டி நொண்டி வாரா. வந்தவ என்னையத் தாண்டிப் போறா. பின்னால பெஞ்சில ஐஸ் பையைப் பிழிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்த எமிலி டீச்சர் மடியில கொண்டு போய் வைக்கா. அந்தம்மா பதறிப் போய், ‘சாருக்குக் குடு பிள்ள, சாருக்குக் குடு’ங்காங்க. எனக்கு வேண்டாம் அந்த எச்சில் கப்பு. நான் ரயில்ல வேற பெட்டியில வந்தேன்.

ஊருக்கு வந்ததும் சிஸ்டர் லூர்து கூப்பிட்டாங்க. சாயா எல்லாம் குடுத்தாங்க. ‘ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க சார். முட்டி வேற சரியில்ல. வர்ற வருசம் நீங்க ஓய்வெடுங்க. பிள்ளைகளை எமிலி டீச்சர் பாத்துக்குவாங்க’ன்னாங்க. ஊசி சமாச்சாரம் அவங்க காதுக்குப் போயிட்டுன்னு தெரியும். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் கேவலமா இருந்துச்சு. திட்டியிருக்கலாம்ல? நான் அந்தச் சாயாவைத் தொடாம எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுலயே கெடந்தேன். ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், தெருவுல பந்து தட்டுற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலயும் தெரியும். ஜன்னல் வழியாப் பாத்தா, மொத்த டீமும் நிக்கி. கப்பைக் கொண்டாந்திருக்காளுவ, ஒரு பழந்துணியில சுத்தி. ‘சார், உங்க கூட ஒரு போட்டோ எடுக்கணும் சார்’ன்னு கத்துதா ராவியத்து. தெருவே வேடிக்கை பாக்கு. நான் ‘இல்லன்னு சொல்லு’ன்னேன். எங்க வீட்டுக்காரி என்ன செஞ்சா தெரியுமா, கதவை அகலமாத் தொறந்து விட்டுட்டு, கலர் சோடா வாங்கக் கடைக்கு ஓடிட்டா.

வேற வழியில்லாம வாசப்படிக்கு வந்தேன். இசக்கிக்குக் காலு சரியாயிட்டு, நல்லா நிக்கா. ‘அடுத்த வாரம் காலேஜ்ல சேரணும் சார்’ங்கா. நான் அவ மூஞ்சியக் கூடப் பாக்கல. அவளுவ என்னையச் சுத்தி வட்டமா நின்னுக்கிட்டாளுவ. ஒருத்தி கையில இருந்து ஒருத்தி கைக்குப் பந்து போவுது. இவகிட்ட இருந்து அவ, அவகிட்ட இருந்து இவ. சிரிப்பாணி வேற. ஒருத்தியாவது அதைக் கையில வச்சிருக்கணுமே? ஒரு நொடி வச்சிருக்க மாட்டாளுவ. எனக்குத் தலை சுத்திட்டு வருது.

அப்பம் இசக்கி பந்தை என்கிட்ட போட்டா.

‘சார்!’னா, போட்டா. சும்மா, யோசிக்காம. என் கை தன்னாலப் பிடிச்சுக்கிட்டு. கனம் சரியா இருந்துச்சு. காத்து சரியா அடிச்சிருந்தாளுவ. எண்ணெய்ப் பிசுக்கு இல்ல, தொடைச்சிருந்தாளுவ. எல்லாரும் கையை நீட்டிக்கிட்டு நிக்காளுவ. சுத்தி அத்தனை கை. ராவியத்து குதிக்கா, ‘சார் இங்க, சார் எனக்கு!’

நான் பந்தை எடுத்துக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டேன்.

பெறகு என்ன செய்ய? அப்பிடியே கதவுக்குப் பின்னால, பந்தை நெஞ்சோட வச்சுக்கிட்டு நிக்கேன். வெளிய சத்தமே இல்ல. போயிட்டாளுவன்னு நெனச்சேன். போகல. மெதுவாக் கதவைத் தட்டுதா. இசக்கிதான், அந்தக் கைய எனக்குத் தெரியாதா.

‘சார்’ங்கா. ‘பந்து வேண்டாம் சார். நீங்களே வச்சுக்கோங்க. நீங்க வெளிய வாங்க சார்.’

திமிரைப் பாத்தியளா தம்பி? நான் போகல. கடைசி வரைக்கும் தொறக்கல. வீட்டுக்காரி கலரோட திரும்பி வந்து, அவளும் வெளியவே நின்னா.

இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது புரியல. நீங்க படிச்ச ஆளு மாதிரித் தெரியுது, நீங்களாவது சொல்லுங்க. பந்து வேண்டாம்னு சொல்லிப்புட்டு, பெறகு என்னைய எதுக்குக் கூப்பிடுதா?